அண்ணாந்து பார்த்த இன்ஸ்பெக்டர்

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் போனில் புலம்புவதுண்டு: வீட்டில் டிவியே இல்லை, ஆனாலும் "லைசென்ஸ் எங்கே?" என்று கடிதம் மேல் கடிதம் வருகிறதாம். டிவி ஓடும் வீட்டை மோப்பம் பிடிக்க அங்கே 1952லேயே வேன் விட்டார்கள். அருப்புக்கோட்டைப் பெரிசுகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ரேடியோவுக்கே லைசென்ஸ் கட்டியவர்கள் அவர்கள்.

1933இல் வெள்ளைக்காரன் போட்டது இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருந்தால் முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 250 வரை. அதைவிட ரசமானது 6ஆம் பிரிவு. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் பெட்டி இருந்தால், அது உங்கள் கைவசம் இருப்பதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பந்தல்குடி மச்சான் டிரான்சிஸ்டரோடு விருந்துக்கு வந்தார் என்று வையுங்கள். கறிச்சோறும் உங்கள் செலவு, கேஸும் உங்கள் பேரில்.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. போஸ்ட் ஆபீசில் பாஸ்புக் மாதிரி ஒரு லைசென்ஸ் புத்தகம் கொடுப்பார்கள். வீட்டு ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய் கட்டி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டாதவன் வசமாகச் சிக்குவது கூரையில்தான். வால்வு ரேடியோவுக்கு ஓட்டுமேல் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவே செம்புக் கம்பி வலையை இழுத்துக் கட்டினால்தான் பாட்டு தெளிவாக வரும். நம்முடையதோ வானம் பார்த்த பூமி. மழைக்காக நாம் அண்ணாந்து பார்த்தோம். ஏரியலுக்காக இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். அவருக்காவது சில நாள் ஏதாவது கிடைத்தது. ஆனால் இது நெசவாளர் ஊர். சாயநூல் காயப்போட நட்ட மூங்கிலையும் கொடியையும் பார்த்து அந்த மனுஷன் எத்தனை தரம் ஏமாந்தாரோ!

டிரான்சிஸ்டர் வந்ததும் ஏரியல் ஒழிந்தது. பெட்டியைக் குலுக்கைக்குள் ஒளிக்கலாம் என்றானது. திருச்சுழியில் பிறந்த ரமணர் "நான் யார்?" என்று விசாரிக்கச் சொன்னவர். அந்த மண்ணில் போய் "இந்த ரேடியோ யாருடையது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருமா?

இதில் பெரிய கூத்து வேறு. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது, 1952 வாக்கில், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஓரங்கட்டப்பட்டது. சனம் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தது. அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனம் குரல் இங்கே வீட்டுக் குரலாயிற்று, பின்னாளில் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது. பாட்டுப் போட்டது கொழும்பு, காசு வாங்கியது டெல்லி. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் நம் ஆட்கள் முள்ளை முழுசாகத் திருப்பிவிடவில்லை.

டிவிக்கும் லைசென்ஸ் உண்டு, வருஷம் 50 ரூபாய். 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1982இல் ரூபவாஹினி வந்ததும் தென்கடலோர ஊர்களில் உயரக் கம்பம் நட்டவர்களுக்குப் புள்ளி மழைக்கு நடுவே ஏதோ தெரிந்தது. அதுவும் இலங்கைதான்!

1980களின் நடுவில் இரண்டு லைசென்சையும் டெல்லி கைவிட்டது. வசூல் நின்றது, சட்டம் மட்டும் சாகவில்லை. அந்த 1933 சட்டத்தை ரத்துசெய்ய 2023இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.