வீட்டுக்குப் போகலாமா, டாக்டர்?

நோயாளி எப்போது வீடு திரும்பலாம் என்பதை அவர் உடம்புதான் முடிவு செய்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அரசு மருத்துவமனையில் அதை முடிவு செய்வது வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அடுத்த நோயாளி. தனியாரில், காப்பீட்டில் மிச்சமிருக்கும் தொகை. மிச்சம் இருந்தால் "இன்னும் ஒரு நாள் அப்சர்வேஷன்". தீர்ந்துவிட்டால் அதே உடம்பு ராத்திரியோடு ராத்திரியாகத் தேறிவிடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, எத்தனை மாடி ஏற வேண்டும் என்றெல்லாம் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "போகலாம்" என்பார். ஆனால் மருந்துக்கடைக் கணக்கு, பில்லிங், காப்பீட்டு ஒப்புதல் என்று பயணம் நீளும். 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதித்தால் கூடுதல் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் என்று 2024-இல் ஒழுங்குமுறை ஆணையமே சொல்லிவிட்டது. சரி, மதியம் 3 மணிக்கு ஒப்புதல் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே, ராகு காலம் வேற ஆரம்பிச்சிடுச்சு" என்பார் பெரியம்மா.

"நாலுக்கு மேல இருந்தா இன்னொரு நாள் ரூம் வாடகைங்க" என்பார் பில்லிங் பெண்.

ராகுவுக்குப் பரிகாரம் உண்டா என்று மருமகன் அவசரமாக விசாரிப்பார்.