வாட்ச்மேன் போனால் கேட் யாருக்கு?

கேள்வி: சேலத்திலிருந்தபடியே, நாமக்கல் தீவன ஆலை சர்வரில் ஷோர்வால் ஃபயர்வாலை நிறுத்தினேன். எல்லாம் திறந்துகொள்ளும் என்று பார்த்தால், நானே வெளியில் நிற்கிறேன்! (ஒரு வாசகர், சேலம்)

பதில்: ஷோர்வாலுக்கு 'ஸ்டாப்' என்றால் கடையடைப்பு. வாட்ச்மேன் போகும்போது கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவார். அப்போதும் உள்ளே வர வேண்டியவர்களை 'ஸ்டாப்டுரூல்ஸ்' கோப்பில் (பழைய பதிப்புகளில் 'ரூட்ஸ்டாப்டு') முன்பே எழுதியிருக்க வேண்டும். 'அக்செப்ட்', எந்த இன்டர்ஃபேஸ், எந்த ஐ.பி., ஒரே வரி. எழுதாவிட்டால் ராத்திரி 50 கிலோமீட்டர் பஸ் பயணம். 'அட்மின் மறதிக்காரர்' என்ற அர்த்தத்திலேயே ஒரு செட்டிங் வைத்திருக்கிறார்கள், குறும்புக்காரர்கள்! அதில் 'எஸ்' இருந்தால், நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடாது. எல்லாவற்றையும் திறந்துவிட 'க்ளியர்' இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். கூரையில்லாமல் நிற்கிற தெம்பு நாமக்கல் ஆஞ்சநேயருக்குத்தான் உண்டு.