ஸ்டெதஸ்கோப்பு அண்ணாச்சி

பழைய வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினைப் பார்த்து லேசாகக் குனிந்தால் போதும். நம் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு காது முளைத்துவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் மெக்கானிக் கடையில் அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் ஒரு அண்ணாச்சி. அவர் மெக்கானிக் இல்லை. கடை முதலாளியும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்வார், கடை அடைக்கும்போது எழுந்துபோவார். கடைப் பையன்கள் வைத்த பெயர் ‘ஸ்டெதஸ்கோப்பு’. அது அவருக்கும் தெரியும். பட்டம் கிடைத்த மாதிரிதான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் இருப்பது தாய்மாமா கொடுத்த புல்லட். 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய இந்திய வம்சம். 346 சிசி, இரும்பு சிலிண்டர். அதில் ஒருநாள் காலை ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். வழக்கமான ‘டப்டப்’புக்கு நடுவில், தாலி செய்கிற ஆசாரி சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேருவதற்குள் சத்தம் பாதியாகிவிட்டது. வீட்டில் அழுத பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் சிரிக்குமே, அந்தக் கதைதான்.

“வண்டிக்கு என்னக் கண்டா பயம்வே” என்றபடி அண்ணாச்சி எழுந்தார்.

அவர் சத்தம் கேட்கிற அழகே தனி. முதலில் கையைத் தூக்கி ஊரை அமைதியாக்குவார். டீ ஆற்றுகிறவர்கூட நிறுத்திவிட வேண்டும். பிறகு கண்ணை மூடுவார். விரல் தொடையில் தாளம் போடும். நீளமான ஸ்க்ரூடிரைவரை வாங்கி, முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைப்பார். இது கேலிக்குரிய வித்தை இல்லை. எஞ்சினுக்குள் எந்த இடத்தில் சத்தம் என்று கண்டுபிடிக்க நல்ல மெக்கானிக்குகள் செய்வதுதான். என்ன, அவர்கள் அரை நிமிடம் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுப்பார்கள். அண்ணாச்சி கச்சேரி முடியும்வரை கேட்பார்.

கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “யாரு கை வச்சா?”

“யாரும் வைக்கல அண்ணாச்சி.”

“கை வைக்காம இந்தச் சத்தம் வராது. எவனோ வச்சிருக்கான்.”

பிறகு தீர்ப்பு. திங்கட்கிழமை அது டேப்பட். செவ்வாய்க்கிழமை பிஸ்டன் ஆட்டம். புதனன்று கிராங்க் பேரிங் என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், “எஞ்சின எறக்கணும்” என்றார். ஒவ்வொரு தீர்ப்புக்கும் இரண்டு டீ, ஒரு உளுந்த வடை. அதை அவர் கேட்டு வாங்கியதில்லை. நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். கிராங்க் போய்விட்டது என்று ஒருவர் சொல்லும்போது சும்மா நிற்க முடியுமா?

இவருடைய மேதைமைக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரிப் பையன் ஆர்எக்ஸ் 100 கொண்டுவந்தான். அண்ணாச்சி கேட்டார், கண் மூடினார், “டேப்பட்” என்றார். கடைப் பையன் கொல்லென்று சிரித்துவிட்டான். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. தூக்கி இறக்க அதில் வால்வே கிடையாது. அப்படி வால்வே இல்லாத எஞ்சினில் அதைத் தூக்குகிற டேப்பட் எங்கே இருக்கும்? அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. “அதத்தான நானும் சொல்லுதேன். இல்லாத டேப்பட்டே சத்தம் போடுதுன்னா, வண்டி எந்த நெலமையில இருக்குன்னு பாத்துக்க!” பையன் முகம் வெளுத்துவிட்டது. அவனும் டீ வாங்கிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. எஞ்சின் ஆறியதும், பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வலப்பக்க டேப்பட் மூடியைக் கழற்றி, புஷ்ராடு இரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்தார். லேசாகச் சுற்றின; மேலும் கீழும் ஆட்டம் இல்லை. புல்லட்டுக்கு அளவுகோலே அந்த விரல்தான். “டேப்பட் சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் சத்தம் கேட்டாக்கூடப் பரவாயில்ல. ரொம்ப இறுக்கிட்டா வால்வு சரியா மூடாம கருகிப்போகும்” என்றார். அண்ணாச்சி, தான் சொல்லிக்கொடுத்த பாடத்தை மாணவன் ஒப்பிக்கிற மாதிரித் தலையாட்டினார்.

கடைசியில் கண்டுபிடித்தது, டீ வாங்கிவருகிற சின்னப் பையன். அவன் கேட்கவே இல்லை; பார்த்தான். சைலன்சர் பைப் எஞ்சின் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் மை தீட்டியதுபோலக் கரி. வண்டியை ஓடவிட்டு, ஈரத்துணியை அந்த இடத்தில் சுற்றினான். டிக் டிக் நின்றது. துணியை எடுத்தான். மறுபடி டிக் டிக். புகை கசிகிற சத்தம்!

காதுகள் ஏமாந்ததற்கும் நியாயம் உண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும். புகை வெளியேறுவதும் அதே இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் ஒரு வால்வின் டேப்பட் 500 முறை தட்டும். கசிவும் 500 முறை தட்டும். தாளம் ஒன்று, இடமும் கிட்டத்தட்ட ஒன்று. எஞ்சின் சூடானதும் பைப் விரிந்து இடைவெளி குறைய, கசிவும் குறைந்திருக்கிறது. வண்டி கடைக்கு வந்ததும் சாதுவானது அதனால்தான். அண்ணாச்சிக்குப் பயந்து அல்ல.

பையன் பைப்பை ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே தள்ளி, பிராக்கெட் போல்ட்டை இறுக்கினான். போல்ட் கிட்டத்தட்ட கழன்றே கிடந்தது.

“அன்னைக்கே சொன்னம்லா, எவனோ கை வச்சிருக்கான்னு” என்றார் அண்ணாச்சி. “சொல்லும்வே, யாரு அந்தப் பய?”

போன மாதம் சைலன்சருக்குக் குரோம் பூசக் கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து நானேதான் மாட்டினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு டீ, ஒரு உளுந்த வடை சொன்னேன்.