ஊதாரிக்குள் ஒரு சிக்கனம்

'த்ரிஃப்ட்' என்றால் சிக்கனம். 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட்' என்றால் ஊதாரி. இங்கிலீஷ்காரருக்குக் கணக்கு வராதா?

நன்றாகவே வரும். 'த்ரிஃப்ட்' முதலில் சிக்கனமே இல்லை, செழிப்பு! பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். தழைத்தல் என்று பொருள்படும் 'த்ரைவ்' அதன் உடன்பிறப்பு. அந்தச் செழிப்பைச் செலவழித்துத் தீர்ப்பவர்தான் ஸ்பெண்ட்த்ரிஃப்ட். தாத்தா வைத்த தோப்பைப் பேரன் விற்றுத் தின்னும் கதை எந்த ஊரில்தான் இல்லை?

சரி, சேமிப்பு தழைக்கும் என்கிறீர்கள். பூக்குமா?

பூக்கிறதே! பிரிட்டனின் கடலோரப் பாறை இடுக்குகளில், உப்புக் காற்றில், இளஞ்சிவப்பாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஒரு சின்னச் செடிக்கும் 'த்ரிஃப்ட்' என்றே பெயர். 1937 முதல் 1952 வரையிலான ஆண்டுகள் பொறித்த பன்னிரண்டு முனைப் பித்தளை மூன்று பென்னி காசில் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் இந்தச் செடி. அந்தக் காலத்தில் கடைக்காரரிடம் அந்தக் காசை நீட்டியபோதெல்லாம் ராஜா, சிக்கனம் இரண்டும் சேர்ந்தே கைமாறின.

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா?

அங்கே வீட்டுக்கடன் தரும் சேமிப்பு வங்கிகளுக்கே 'த்ரிஃப்ட்' என்று பெயர். 1986 முதல் 1995 வரை அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் மூழ்கின. காரணம், கண்மண் தெரியாமல் கொடுத்த கடனும் ஏறிப்போன வட்டியும். வரி கட்டியவர்கள் தலையில் விழுந்த சுமை சுமார் 12,400 கோடி டாலர்.