உழக்கு நெய்க்கும் கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் அறக்கட்டளைகள் வருஷா வருஷம் வரவு செலவைப் பொதுவில் வைக்கின்றனவாமே, நமக்கு அந்தப் பழக்கம் எப்போது வரும்?
(வாசகர், திருவையாறு)

பதில்: வந்து ஆயிரம் வருஷமாச்சு, நடுவில் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் கல்லில் இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். காசாக வந்த கொடையும் பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போய், ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம் வட்டி ஈட்டியது; அந்த வட்டி கோயில் காரியத்துக்குச் செலவானது. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகளோ சொத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தை அறத்துக்குச் செலவழித்தால் சட்டத்துக்குப் போதும்.

'ராஜாவின் விளம்பரம்தானே?' என்பீர்கள். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் விளம்பரத்துக்குப் பெயர் போதுமே. டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுகிறவருக்கு வெளிச்சம்கூட வேண்டியதில்லை. இங்கே கடன் வாங்கிய ஊர், முதல், வட்டி எல்லாம் சுவரேறியிருக்கிறது. சரி, கல்லில் இருப்பது வாக்குத்தானே, நிறைவேறியதா என்று யார் பார்த்தது? நியாயமான கேள்வி. அதற்குப் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூருக்குப் போக வேண்டும். அந்த ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கிய குடவோலையில், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஏறாது என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. அவர் மகன், மருமகன், மைத்துனர் பெயரும் ஏறாது. இந்த விதியை இன்று அமல்படுத்தினால் நம் அறங்காவலர் குழுக்கள் பலவற்றில் கூட்டம் நடத்தக் கோரம் இருக்காது.