பாலைத் திணையில் கூரை ஏறுதல்: ஒரு முன்னாய்வு

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீட்டை அமெரிக்காவில் டிராவல் ட்ரெய்லர் என்பார்கள். அதன் கூரையில் சோலார் பேனல் பொருத்துவது பற்றிக் கடைக்காரர்கள் பேசியிருக்கிறார்கள், எலக்ட்ரீஷியன்கள் பேசியிருக்கிறார்கள், பொருத்தி முடித்தவர்கள் பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் அகத்திணைக் கோட்பாட்டின் வழிநின்று இப்பொருளை எவரும் ஆராய்ந்ததாக இக்கட்டுரையாளர் கேள்விப்படவில்லை. தாம் கேள்விப்படாததை உலகில் இல்லாததாகக் கொள்வது ஆய்வுலக மரபாதலின், இதுவே இத்துறையின் முதல் நூல் எனத் துணிந்து மேலே செல்கிறோம்.

ஆய்வுக்களம் அரிசோனா மாநிலத்தின் மேற்கோரத்தில் உள்ள குவார்ட்ஸைட். கோடையில் அது வெயிலில் கிடக்கும் ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வு பெற்றவர்கள் ட்ரெய்லரும் நாயுமாக வந்து ஊரைச் சுற்றியுள்ள பாலைவெளியை நிரப்பிவிடுவார்கள். லா போசா என்ற பகுதியில் நடுவண் அரசின் நிலத்துறை இவர்களுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். தண்ணீர் பிடிக்க இடமுண்டு, கழிவைக் கொட்ட இடமுண்டு. மின்கம்பம் மட்டும் கிடையாது. நமது ஆய்வு முழுவதும் இந்த இல்லாமையிலிருந்து பிறப்பது.

முதலில் முதற்பொருள். பாலைக்குப் பொழுது வகுத்த தொல்காப்பியர் நண்பகலையும் வேனிலையும் சொல்லி, பின்பனியும் உரியது என்று சேர்த்துக்கொண்டார். பேனல் உச்சமாக வேலை செய்வது நண்பகலில். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். குவார்ட்ஸைட் சீட்டு செல்லாமல் போகும் ஏப்ரல் 15, நம் கணக்கில் சித்திரை பிறந்த மறுநாள். அமெரிக்க நிலத்துறை அதிகாரிகள் பொருளதிகாரம் படித்தவர்கள் என்று நிறுவ நம்மிடம் சான்று இல்லை. பொருத்தத்தை மறுக்கவும் வழியில்லை.

கருப்பொருளில் இடர்ப்பாடே கிடையாது. மரம் சகுவாரோக் கள்ளி. செந்நாய்க்குக் கயோட்டி. பருந்துக்குப் பதில், ட்ரெய்லர்களுக்கு மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகு. ஆறலைத்தல், அதாவது வழிப்பறி, என்ற தொழில் இன்று இல்லை என்று சிலர் வாதிடக்கூடும். அவர்கள் குவார்ட்ஸைட்டில் ஜனவரி மாதம் நடக்கும் கண்காட்சியின் கூடாரத்தில் லித்தியம் பேட்டரியின் விலையை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பறை மட்டும் விளக்கம் வேண்டுவது. இத்திணையின் பறை பெட்ரோல் ஜெனரேட்டர். பொது முகாம்கள் பலவற்றில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அது முழங்கக் கூடாது என்று விதி. ஆகவே காலை ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு முழங்கும். பேனல் வாங்கும் எண்ணம் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான், போர்வைக்குள் படுத்திருக்கும் அண்டை ட்ரெய்லர்க்காரர் மனத்தில், கருக்கொள்கிறது.

வரலாற்றையும் ஓரிரு வரிகளில் தொட்டுவிடுவது நல்லது. ஆய்வேடு என்றால் வரலாறு இருந்தாக வேண்டும். ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839இல் பிரான்சில் எட்மண்ட் பெக்கரெல் கண்டார். 1954இல் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கான் செல்லைச் செய்து, அதைக் கொண்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக்காட்டினார்கள். செல்லின் திறன் சுமார் 6 விழுக்காடு. 1958இல் வான்கார்ட் 1 செயற்கைக்கோளோடு அது விண்வெளிக்குப் போயிற்று. ட்ரெய்லர் கூரைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. பூமியைச் சுற்றுவதைவிட அது கடினம் என்பதைக் கூரையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கூரையைப் பார்ப்போம். அகலம் எட்டடி. தரையிலிருந்து பார்க்கும்வரை அது வெற்றிடம். ஏணியில் ஏறித் தலையை நீட்டினால் ஒரு கடைத்தெரு. நடுவில் திமில் போல ஏசி. முன்னும் பின்னும் பதினான்கு அங்குலச் சதுரத்தில் காற்றுப்போக்கிகள். குளியலறைக்கு மேல் பிளாஸ்டிக் குமிழ். ஃப்ரிட்ஜின் சூடு போக ஒரு புகைபோக்கி, கழிவுநீர்த் தொட்டியின் வாடை போகக் குழாய்கள், யாரும் பார்க்காத டிவிக்கு ஆன்டெனா. நூறு வாட் பேனல் ஒன்று சுமார் நான்கடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். அட்டையை அந்த அளவில் வெட்டி எடுத்துக்கொண்டு, இப்படிப் போட்டால் ஒன்று, அப்படிப் போட்டால் ஒன்றரை என்று முட்டிபோட்டு நகரும் முதியவரைக் காண்பது குவார்ட்ஸைட்டில் அரிதல்ல. பேனல் அரையாக விற்கப்படுவதில்லை.

கூரையின் மேல்தோல் பெரும்பாலும் ரப்பர் விரிப்பு. அதன் கீழே ஒல்லியான பிளைவுட். இதில் ஸ்க்ரூ இறக்குவது என்பது, மழை ஒழுகாத ஒரே இடத்தில் நாமே ஓட்டை போடுவது. எனவே ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைமேலும் சீலன்ட் பிழிய வேண்டும். துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் மூக்கிலிருந்து வெள்ளைக் களிம்பு புழுபோல நெளிந்து வரும். வந்த வேகத்தில் தானே பரந்து, ஸ்க்ரூவை மூடி, வழவழவென்று ஒரு வட்டமாக அடங்கும். விசையை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கொஞ்சம் எப்போதும் பேண்ட்டில்தான் விழுகிறது. ஸ்க்ரூவே வேண்டாம், ஒட்டுநாடா போதும் என்றொரு பிரிவினர் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் காற்று பேனலின் அடியில் புகுந்து தூக்கும்போது இரு பிரிவினரும் ஒரே கடவுளைத்தான் வேண்டுகிறார்கள்.

இனி உரிப்பொருள். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. தலைவன் கூரைமேல், தலைவி ஏணியடியில். இடையே பத்தடிதான். ஆனால் சங்கத் தலைவன் பொருள்தேடிப் போன தொலைவெல்லாம் இதற்கு ஈடாகா. அங்கே தூது செல்லப் பாணன் இருந்தான். இங்கே கம்பியை ஃப்ரிட்ஜின் புகைபோக்கி வழியே உள்ளே இறக்கிவிட்டு, தலைவன் கத்துகிறான்:

“வந்துச்சா?”

“எது?”

“கறுப்புக் கம்பி!”

“ரெண்டுமே கறுப்பா இருக்கு!”

இதற்குப் பின் நிகழும் மௌனத்தைப் பாலையின் துறைகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. பேனலிலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் இரண்டும் கறுப்புதான் என்பதால் தலைவியின் கூற்று முற்றிலும் உண்மை. மேலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் பேனலை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை கம்பியில் மின்னழுத்தம் இருக்கும். எனவே பேனலைப் போர்வையால் மூடிவிட்டு, பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்து, பேனலை அப்புறம் இணைப்பது முறை. மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் பழுதாகலாம். நல்ல போர்வையை எடுத்துக் கூரையில் போட்டதற்கான விசாரணை வேறு தனியே நடக்கும்.

பொருத்தியாயிற்று. இனிச் சூரியன் தன் கடமையைச் செய்ய வேண்டும். இங்கேதான் வானியல் குறுக்கிடுகிறது. குவார்ட்ஸைட் ஏறத்தாழ 33.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 33 பாகைதான் எழும். கூரையில் படுத்துக்கிடக்கும் பேனலின்மேல் அந்த நேர்வெயில் சாய்ந்து விழுவதால், சூரியனுக்கு நேராக நிமிர்த்தி வைத்த பேனலுக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஜூனில் சூரியன் 80 பாகை வரை ஏறி வெயிலைக் கொட்டும். ஜூனில் அங்கே யார் இருக்கிறார்கள்? போதாததற்கு, சூடேறினால் பேனலின் திறன் குறையும்: செல்லின் வெப்பம் 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை. ஆக, சூரியன் இருக்கும்போது ஆளில்லை. ஆள் இருக்கும்போது சூரியன் சாய்வு. இதை நாம் ‘முதல் விதி’ என்று குறிப்போம்.

இதற்குத் தீர்வு, பேனலை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தும் சாய்வுக் கம்பிகள். வந்திறங்கியதும் கூரையேறித் தூக்க வேண்டும். கிளம்பும்முன் கூரையேறிப் படுக்கவைக்க வேண்டும். எழுபது வயதில் ஏணி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அறிவியலின் பெயரால் அந்தத் தடை இங்கே நீங்குகிறது. சாய்வுக் கம்பிகளால் கிட்டும் முதன்மைப் பயன் மின்சாரமன்று, இந்த விலக்களிப்பே என்பது எம் துணிபு.

இரண்டாம் விதி நிழல் பற்றியது. நூறு வாட் பேனலில் பெரும்பாலும் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். கிணற்றிலிருந்து வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும் வரிசையில் ஒருவன் பீடி பற்றவைக்க நின்றால் எல்லாரும் நிற்பதுபோல, ஒரு செல்மேல் நிழல் விழுந்தால் அந்தச் சரமே தளரும். பைபாஸ் டயோடு என்ற மாற்றுவழி இருப்பதால் பேனலின் மறுபாதி பிழைக்கும். நிழலைத் தருவது யார்? கூரையின் நடுவில் வீற்றிருக்கும் ஏசி. குளிர்கால வெயிலில் அதன் நிழல் காலையில் ஒரு பேனலையும் மாலையில் இன்னொன்றையும் தடவிவிட்டுப் போகும்.

அந்த ஏசியையாவது இந்தப் பேனல்கள் ஓட்டுமா என்றால், ஓட்டாது. ட்ரெய்லர்களில் பரவலாக உள்ள 13,500 பிடியூ ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். நூறு வாட் பேனல் நான்கு வைத்தாலும் பெயரளவில் 400 வாட்தான். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் அடங்குவது 1,280 வாட்-மணி. ஏசிக்கு அது ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. மரநிழலில் நிறுத்தினால் ட்ரெய்லர் குளிரும், பேனல் பட்டினி. வெயிலில் நிறுத்தினால் பேனல் உண்ணும், உள்ளே இருப்பவர்கள் வேகுவார்கள். இச்சிக்கலுக்கு விடை கண்டவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

குவார்ட்ஸைட் இவ்வகைச் சோதனைகளைக் காணாத ஊரல்ல. அமெரிக்க ராணுவம் பாலையில் சுமை இழுக்க 1856இல் ஒட்டகங்களைக் கொண்டுவந்தது. அவற்றை ஓட்ட வந்தவர்களில் ஒருவரான ஹாஜி அலி 1902இல் இவ்வூரில் காலமானார். ஊரார் வாயில் ஹை ஜாலி ஆகிவிட்ட அவருக்கு ஒரு பிரமிடும் அதன் உச்சியில் ஓர் ஒட்டகமும் வைத்து நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். சார்ஜ் தேவைப்படாத வாகனம், திமிலும் உடன்பிறந்தது. ராணுவம் அதைக் கைவிட்டது ஏன் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அப்படியானால் பேனல் உண்டாக்கும் மின்சாரம் எங்கே போகிறது? பேட்டரியின் எதிர்மின்முனையில் ஷன்ட் என்றொரு பித்தளைக் கட்டை வைக்கிறார்கள். உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் அது எண்ணி, புளூடூத் வழியே கைபேசிக்குச் சொல்லும். அன்றிலிருந்து தலைவன் கண் கைபேசியை விட்டு அகலாது. தலைவி மைக்ரோவேவில் சூப்பைச் சூடாக்கினால் திரையில் நூறு ஆம்பியருக்கு மேல் கழியும். நான்கு பேனலும் கூடிப் பொன்னான நண்பகலில் தருவது முப்பதை எட்டாது. அப்போது அவன் முகத்தில் தோன்றும் குறியைப் பொருள்வயிற் பிரிந்தோன் நடுவழியில் செலவைக் கணக்கிடும் மெய்ப்பாட்டோடு ஒப்புநோக்கலாம். கவலையில்லாமல் வாழத்தான் பேனல் வாங்கினார்கள். முன்பு ஜெனரேட்டர் ஓடியபோது பெட்ரோல் தீரும் நாளன்று மட்டும் கவலைப்பட்டவர், இப்போது மேகம் போகும்போதெல்லாம் படுகிறார். கைபேசித் திரை அணையவே அணையாததால் அதன் சார்ஜ் நாளுக்கு இருமுறை தீர்கிறது. அதை நிரப்பப் பேனல் இருக்கிறது. பேனலின் உண்மையான பயனாளி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கைபேசியே என்பது நம் மையக் கருதுகோள். இதை மறுப்போர் ஒரு நாள் முழுதும் திரையைப் பார்க்காமல் இருந்து காட்டி மறுக்கலாம்.

மேலாய்வுக்குரியது ஒன்றே. நான்கு பேனல் வைத்தவர் அனைவரும் ஐந்தாவதற்கு இடம் தேடுகிறார்கள். இரு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், பேனலால் ஓட்ட முடியாததும், பேனலின்மேல் நிழல் போடுவதும், கூரையில் பேனலுக்கான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் ஒரே பொருள். ஏசியைக் கழற்றிவிட வேண்டும் என்பதே தருக்கம் தரும் முடிவு. இதை ஏணியடியில் நிற்பவரிடம் எடுத்துரைக்க ஆய்வாளர் ஒருவர் தேவை; பயணப்படி வழங்கப்படும்.