கேம்பிங் அண்ணை

கல்கிசையில் எந்த மாடிக்குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். கிழமை முழுக்க ஏ.சி. அறைக்குள் கணக்குப் பார்ப்பவர், போயா தினம் சனி ஞாயிறோடு ஒட்டி வந்துவிட்டால் வனவாசியாகிவிடுவார். வட்ஸ்அப் குழுவில் செய்தி விழும்: "கித்துல்கல, ஆத்தங்கரை, டென்ட். ஆர் ஆர் வாறியள்?"

விடியப்புறம் ஐந்து மணிக்குப் புறப்பாடு என்பது அண்ணையின் சட்டம். ஆனால் வெள்ளவத்தைச் சைவக்கடையில் இடியப்பமும் சொதியும் பார்சலாகும்வரை வான் காலி வீதியில் நிற்கும். அவிசாவளையில் பிளேன்டீ குடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். வானுக்குள் பெற்றோல் அடுப்பு, மாமிக்குப் பிளாஸ்டிக் கதிரை, ரைஸ் குக்கர், தலையணைகள். "இயற்கையோட இயற்கையா இருக்கோணும்" என்று வழியெல்லாம் சொல்லி வந்தவர், ஆற்றங்கரையில் இறங்கியதும் காவற்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, பிளக் எங்கே என்பது.

போத்தல் தண்ணீர் தனிக்கதை. கொழும்புக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. கித்துல்கலவில் ஓடுவதும் அதே களனிதான். அந்த ஆற்றங்கரைக்கு 90 கிலோமீற்றரளவு தூரம் அண்ணை தண்ணீர் சுமக்கிறார். பல் துலக்கவும் அதுதான்.

மழை பெய்யும். நாட்டின் ஈரவலயத்தில் மழைக்காட்டோரம் போய் இருந்துகொண்டு மழையைத் திட்டுவது அவரால்தான் முடியும். மழையோடு அட்டை வரும். அட்டையின் உமிழ்நீரில் உள்ள பொருள் இரத்தத்தை உறையவிடாது; அட்டை விழுந்த பிறகும் கால் கசியும். அண்ணை உப்பு, தேசிக்காய், சித்தாலேப எல்லாவற்றோடும் ஆயத்தம். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிவிட்டுத் தன் காலில் ஒன்றைக் கண்டதும் கதிரையில் ஏறி நிற்பார். மாமி எழும்பி இடம்விட வேண்டியதுதான்.

இரவு நெருப்பு மூட்டியதும் சினிமா வரலாறு தொடங்கும். டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்கு இங்கேதான் பாலம் கட்டி, ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார். 1957இல் வெளிவந்த படம், ஏழு ஒஸ்கார். அண்ணை கையால் பாலம் கட்டி, வாயால் வெடித்தும் காட்டுவார். கதை நடந்த சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அது படத்திலும் இல்லை, அண்ணையின் கதையிலும் இல்லை. பெடியள் யாராவது கேட்டால், "அது வேற கதை தம்பி" என்று கோழி வாட்டப் போய்விடுவார்.

ஞாயிறு காலை ராஃப்டிங். உயிர்காப்பு அங்கி அவர் வயிற்றைச் சுற்றிப் பூட்டப்படும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். ஒருமுறை ஆற்றில் தண்ணீர் குறைவு. கல்லெல்லாம் வெளியே தெரிகிறது. படகோட்டிப் பையன் சிங்களத்தில் விளக்குகிறான்: மேலே மின்நிலையங்கள் இயங்கித் தண்ணீரை விட்டால்தான் ஆறு பெருகும், ஞாயிற்றுக்கிழமை கந்தோர்கள் பூட்டு, கரண்ட் தேவை குறைவு, மாத்தயா கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அண்ணை அதைத் தமிழில் மாமிக்குச் சொல்லி, சற்று யோசித்து, மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னனான். வீட்டு ஏ.சி.யை ஓடவிட்டிட்டு வந்திருக்கோணும்."